நூற்றுக்கு நூறு வாங்கிய கழுதைப்புலி

ஒரு காட்டில் ஓர் அலுவலகம் இருந்தது. அலுவலகம் இருந்ததால் வரிசை இருந்தது. வரிசை இருந்ததால் சண்டை இருந்தது. சண்டையைத் தீர்க்க விதிகள் ஏராளமாக இருந்தன. அவற்றைப் படித்துப் புரிந்துகொள்ளத்தான் அங்கே ஒருவருக்கும் தெரியாது.

அது பங்கீட்டு அலுவலகம். முன்பெல்லாம் அந்தக் காட்டில் மனிதன் யாராவது செத்துக் கிடந்தால் முதலில் பார்த்தவர் தின்பது வழக்கம். எல்லாருமே தாங்கள்தான் முதலில் பார்த்ததாகச் சொன்னார்கள். ஒரு மனிதனைத் தின்ன வந்து ஐந்து மிருகங்கள் அடித்துக்கொண்டு செத்ததும் உண்டு. ஆகவே பெரிய மிருகங்கள் கூடிப் பேசின. எங்கோ ஒரு பள்ளிக்கூடச் சுவரிலிருந்து பறந்து வந்து முள்ளில் மாட்டியிருந்த படம் ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு சட்டம் போட்டன. 'மனித உடல் நான்கு வகைத் திசுக்களால் ஆனது' என்று அதில் எழுதியிருந்தது. நான்கு வகை என்றால் நான்கு அட்டை. எபிதீலியத் திசு அட்டை, இணைப்புத் திசு அட்டை, தசைத் திசு அட்டை, நரம்புத் திசு அட்டை. அவரவர் அட்டையில் உள்ள திசு அவரவருக்கு. உயிரோடு இருக்கும் மனிதனை மட்டும் யாரும் தொடக்கூடாது, தொட்டால் துப்பாக்கி வரும்.

அருமையான சட்டம். ஒரே குறை, படத்தின் கீழ்ப்பாதி கிழிந்து போயிருந்தது. எந்தத் திசு உடம்பில் எங்கே இருக்கிறது என்ற விவரமெல்லாம் அந்தக் கீழ்ப்பாதியில் இருந்தது. அதனால் அதை முடிவு செய்கிற பொறுப்பு குமாஸ்தாவுக்குப் போயிற்று. குமாஸ்தா ஒரு மரநாய். ராத்திரி முழுக்க விழித்திருந்து பகலில் தூங்குகிற பிராணியாகப் பார்த்து அலுவலகத்தில் போடுவது அந்தக் காட்டின் வழக்கம்.

இந்தக் காட்டுக்குள் ஒரு வெள்ளிக்கிழமை எபனேசர் சாரும் வீரபாகு சாரும் வழிதவறி வந்தார்கள்.

இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவர்கள். அ பிரிவு எபனேசருக்கு, ஆ பிரிவு வீரபாகுவுக்கு. வீரபாகு நோட்ஸ் சொல்லுவார், பிள்ளைகள் எழுதிக்கொள்ளும். கமா எங்கே, முற்றுப்புள்ளி எங்கே என்பதுவரை சொல்லுவார். அர்த்தம் மட்டும் சொல்லமாட்டார். எபனேசருக்கு நோட்ஸ் சொல்லத் தெரியாது. புரிந்ததா புரிந்ததா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். போதாததற்கு அவரிடம் ஒரு கெட்ட பழக்கம். காதில் ஒரு தப்பு விழுந்தால் திருத்தாமல் இருக்க முடியாது. 'அவுக நெஞ்சு வெடிச்சுப் போச்சே' என்று துக்க வீட்டில் கதறிக்கொண்டிருந்த அம்மாளிடம் போய், நெஞ்சு வெடிக்காதும்மா, ரத்தக் குழாய்தான் அடைபடும் என்று விளக்கிச் சொல்லி, உறவுக்காரர்கள் கையால் அடி வாங்கியவர் அவர்.

சுற்றுலா கூட்டிவந்த பிள்ளைகளை அருவியில் குளிக்க விட்டுவிட்டு, செல்போனுக்கு சிக்னல் தேடி வீரபாகு காட்டுக்குள் நடந்தார். துணைக்கு எபனேசர் போனார். சிக்னல் தரையில் இல்லை. வீரபாகு ஒரு மருதமரத்தில் ஏறினார். அவர் மூன்றாவது கிளையை எட்டிய நேரத்தில் புதருக்குள்ளிருந்து பூதத்தான் வந்தான். பூதத்தான் ஒரு கரடி. கையில் அலுவலகத்து டோக்கன் வைத்திருந்தான்.

எபனேசருக்கு மரம் ஏறத் தெரியாது. ஆனால் கரடி செத்ததைத் தொடாது என்று இருபத்திரண்டு வருஷமாக அவர் வகுப்பில் சொல்லி வந்திருக்கிறார். ஆதாரம் கேட்டவர் யாரும் இல்லை. சட்டென்று மல்லாந்து படுத்து மூச்சை அடக்கிக்கொண்டார். எழுந்து நின்று 'போ' என்று கத்தியிருந்தால் பூதத்தான் சட்டத்துக்குப் பயந்து போயிருப்பான். படித்தவர் அல்லவா, செத்துப்போனார்.

பூதத்தான் குனிந்து முகர்ந்தான். பிறகு சந்தோஷமாகக் குரல் கொடுத்தான்.

"ஒருத்தரு செத்துக் கெடக்காரு! யாராவது போயி குமாஸ்தாவ எழுப்புங்க!"

கால் மணி நேரத்தில் காடே கூடிவிட்டது. குமாஸ்தா கொட்டாவி விட்டுக்கொண்டு படிவத்தை விரித்தது.

"பேரு என்ன?"

"செத்தவரு எப்படிச் சொல்லுவாரு?" என்றான் பூதத்தான்.

"அப்ப 'பெயர் சொல்ல மறுத்துவிட்டார்'னு எழுதிக்கிடுதேன். செத்த தேதி இன்னைக்கு. காரணம், படுத்தது." குமாஸ்தா முத்திரையை நச்சென்று குத்தியது. "சரி, பங்கு. தோலு எபிதீலியம். எலும்பு இணைப்பு. மூளை நரம்பு. சதை, ரத்தம், கொழுப்பு மூணும் தசை."

தசை அட்டை வைத்திருந்தது சிறுத்தை. அது முன்வரிசையில் உட்கார்ந்து பாதத்தை நக்கிக்கொண்டிருந்தது.

மேலே மரத்தில் வீரபாகுவுக்கு சிக்னல் கிடைத்துவிட்டது. "சார், கரடி சார்," என்று தலைமையாசிரியரிடம் கிசுகிசுத்தார். "அதெல்லாம் இருக்கட்டும், லீவு லெட்டர் குடுத்துட்டுப் போனீரா?" என்று மறுமுனையில் கேட்டது. அதற்குள் பேட்டரி தீர்ந்துபோயிற்று.

கீழே சுடலி என்ற கழுதைப்புலி வரிசையை விட்டு முன்னால் வந்தாள். அவள் கையில் இணைப்புத் திசு அட்டை இருந்தது.

"அய்யா, எப்பப் பாத்தாலும் எனக்கு எலும்பு மட்டுந்தானா? வீட்ல நாலு பிள்ளைக பல்லு முளைக்காம கெடக்கு. எலும்ப வச்சு அதுக என்ன செய்யும்? கொஞ்சம் ரத்தமாவது குடுக்கக்கூடாதா?"

"ரத்தம் செவப்பு, சதை செவப்பு. ரெண்டும் ஒண்ணு. தள்ளி நில்லு," என்றது குமாஸ்தா.

கொழுப்பைத் தசையில் சேர்த்தபோதே எபனேசருக்குத் திருத்த வாய் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். கர்த்தரை நினைத்துக்கொண்டார். மனைவி ரூபியை நினைத்துக்கொண்டார், கல்லூரியில் சேரவேண்டிய மகளை நினைத்துக்கொண்டார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் 'ரெண்டும் ஒண்ணு' என்றதும் அவரால் முடியவில்லை.

"ரத்தம் இணைப்புத் திசு!" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

வரிசை முழுக்க இரண்டடி பின்வாங்கியது.

"சார்வாள்," என்றான் பூதத்தான் மரியாதையாக, "நீங்க செத்துட்டீங்கள்லா?"

அந்த நேரத்தில் எழுந்து ஓடியிருக்கலாம். எபனேசர் ஓடவில்லை. "நிறத்த வச்சா திசுவப் பிரிப்பாங்க? ரத்தத்துல செல்லுக தனித்தனியா மெதக்கு. நடுவுல திரவம் இருக்கு. செல்லுக்கு நடுவுல வேற பொருள் ஏராளமா இருந்தா அது இணைப்புத் திசு. கொழுப்பும் அந்த வகைதான். ஒன்பதாங் கிளாஸ் பாடம் இது," என்று மூச்சு வாங்கப் பேசினார்.

சுடலியின் காது இரண்டும் விறைத்து நின்றன. சிறுத்தை நக்குவதை நிறுத்தியது.

எபனேசருக்கு அப்போதுதான் தன் நிலைமை உறைத்தது. "நான் உயிரோடதான் இருக்கேன். என்னை விட்ருங்க," என்றார்.

"உயிரோட இருக்கேன்னு வாயால சொன்னா ஆச்சா?" என்றது குமாஸ்தா. "முத்திரை குத்தியாச்சு. இனி பதிவேட்டுல அடிச்சு எழுதணும்னா உயிர்வாழ் சான்று வேணும். அதுல கையெழுத்துப் போடுத அதிகாரி போன மழையில செத்துப்போயிட்டாரு."

சுடலி விடவில்லை. இத்தனை வருஷமாகத் தனக்குச் சேரவேண்டிய ரத்தமும் கொழுப்பும் சிறுத்தை வயிற்றுக்குப் போயிருக்கிறது என்று அங்கேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். இணைப்பு அட்டைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். கூச்சல் தாங்காமல் குமாஸ்தா விதிப் புத்தகத்தைப் புரட்டியது. பங்கீட்டில் தகராறு வந்தால், திசுப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கிய மிருகம்தான் பங்கு போடவேண்டும் என்று பதினான்காவது விதி சொன்னது. அப்படி ஒரு பரீட்சை இதுவரை நடந்ததே இல்லை.

"நடத்திட்டாப் போச்சு," என்றான் பூதத்தான். "பாடம் சொல்ல சார்வாள் இருக்காரு. படமும் அவருதான்."

படிக்க வந்த கூட்டம் எண்பதைத் தாண்டியது. ஒருவரால் சமாளிக்க முடியாது, இன்னொரு ஆசிரியர் வேண்டும் என்று குமாஸ்தா அண்ணாந்து யோசித்தது. அண்ணாந்ததால் வீரபாகு தெரிந்தார்.

"சார்வாள், எறங்கி வாங்க. உங்களுக்கும் ஒரு படிவம் பாக்கி இருக்கு."

வகுப்பு இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அ பிரிவு எபனேசருக்கு, ஆ பிரிவு வீரபாகுவுக்கு. வெள்ளிக்கிழமைதோறும் பரீட்சை. எந்தப் பிரிவில் ஒரு மிருகம் நூறு வாங்குகிறதோ, அந்தப் பிரிவின் ஆசிரியரை அந்த மிருகம் அன்றைக்கே பங்கு போடும். யாரும் நூறு வாங்காதவரை ஆசிரியருக்கு ஒரு குறையும் வராது. தேனும் பலாப்பழமும் வேளைக்கு வந்துவிடும். காவலுக்குப் பூதத்தான்.

அன்று மதியம் பலாப்பழம் தின்றபடி வீரபாகு சொன்னார். "வே, நல்லாக் கேட்டுக்கிடும். இவ்வளவு நாளும் நீரு நடத்துனாப்புல நடத்தாதயும். நான் எப்படி நடத்துவேனோ அப்படி நடத்தும். நூறு வருஷம் இருக்கலாம்."

"நீரு நடத்துனா ஒண்ணும் புரியாதே வே."

"அதத்தான் சொல்லுதேன்."

எபனேசர் வாழ்க்கையில் முதல்முறையாக வீரபாகுவின் பேச்சில் இருந்த ஞானத்தை உணர்ந்தார். மோசமாகப் பாடம் நடத்துவது என்று உறுதியாகத் தீர்மானித்துக்கொண்டார். அதிலென்ன கஷ்டம், ஊரில் எத்தனை பேர் செய்கிறார்கள்.

திங்கட்கிழமை காலையில் அ பிரிவு மிருகங்கள் ஒரு பாறைச் சரிவில் உட்கார்ந்தன. எபனேசர் வானத்தைப் பார்த்துக்கொண்டு கடகடவென்று ஒப்பித்தார். "ஒரே மாதிரியான அமைப்பும் செயல்பாடும் கொண்ட செல்களின் தொகுப்பு திசு எனப்படும். எழுதிக்கிடுங்க. எபிதீலியத் திசு என்பது உடலின் வெளிப்பரப்பையும் உள்ளுறுப்புகளின் உட்பரப்பையும்..."

"சார்வாள்," என்று ஒரு பாதம் உயர்ந்தது. சுடலி. "ஒண்ணும் புரியல."

எபனேசர் காதில் விழாததுபோல் இருந்தார். இரண்டு வரி மேற்கொண்டு ஒப்பித்தார். ஆனால் அந்த முகம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. திருட்டு முழி முழிக்கிற முகம் இல்லை அது, உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற முகம். அந்த மாதிரி ஒரு முகத்தை வகுப்பில் பார்த்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. பாழாய்ப்போன மனுஷர் சட்டையின் கைப்பட்டனைக் கழற்றினார்.

"இங்க வாங்க எல்லாரும். என் கைய தொட்டுப் பாருங்க. பல்லு படக்கூடாது. இதுதான் எபிதீலியம். மழை பெய்யும்போது வௌவாலெல்லாம் குகையில எப்படித் தொங்கும்? இடைவெளி இல்லாம நெருக்கிக்கிட்டுத்தானே? இந்தத் திசுவுல செல்லுக அப்படித்தான் இருக்கும். நடுவுல ஒண்ணும் நுழையாது. வெளிய மட்டும்னு நெனைக்காதீங்க. வாய்க்குள்ள, குடலுக்குள்ள எல்லாம் இதுதான் மூடியிருக்கு. தோல மட்டும் வாங்கிட்டுப் போன எபிதீலிய அட்டைக்காரங்கள எல்லாம் ஏமாத்தியிருக்காங்க."

எபிதீலிய அட்டைக்காரர்களான எலிகள் பதறி எழுந்தன. வகுப்பு சூடு பிடித்துவிட்டது.

அதன்பிறகு அவரை நிறுத்த யாராலும் முடியவில்லை. தன் காதை மடக்கிக் காட்டி, இது எலும்பு மாதிரி உறுதி, ஆனால் வளையும், இது குருத்தெலும்பு, இதுவும் இணைப்புத் திசு என்றார். குதிகாலுக்கு மேலே புடைத்திருக்கும் நாணைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். அது தசையை எலும்போடு கட்டிவைப்பது, ஆனால் தசை இல்லை என்றார். பூதத்தானைக் கூப்பிட்டு அவன் காதைத் தன் நெஞ்சில் வைக்கச் சொன்னார்.

"கேக்குதா? இதுவும் தசைதான். கையில உள்ள தசை நான் சொன்னாக் கேக்கும். குடல்ல உள்ளது என்னைக் கேக்காம தன்பாட்டுக்கு வேலை செய்யும். நெஞ்சுல உள்ளதும் என்னைக் கேக்காது. ஆனா ஒரு நிமிஷம் லீவு எடுக்காது. மூணும் தசை, மூணும் வேற வேற."

"வேகமா அடிக்கே சார்வாள்," என்றான் பூதத்தான்.

"ஏன்னு கேளு! நீ என்னைப் பாத்து எச்சி ஊறுதது என் கண்ணுக்குத் தெரியுது. கண்ணுலருந்து மூளைக்கு, மூளையிலருந்து நெஞ்சுக்கு, நரம்பு வழியா சேதி போகுது. பயப்படுன்னு சேதி. இதுதான் நரம்புத் திசு."

எல்லாருக்கும் எச்சில் ஊறியது. எபனேசருக்குச் சந்தோஷத்தில் முகம் பளபளத்தது.

பக்கத்துச் சரிவில் ஆ பிரிவு அமைதியாக இருந்தது. "தலைப்பு. அடிக்கோடு. நரம்புத் திசு, கமா, அடைப்புக்குறி..." என்று வீரபாகு மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். மீதிப் பேர் எழுதிக்கொண்டே தூங்கினார்கள். தூங்க விடுகிற ஆசிரியர் என்பதால் எல்லாருக்கும் அவர்மேல் பிரியம். சிறுத்தை தானாக எழுதிக் கேட்டு அ பிரிவிலிருந்து ஆ பிரிவுக்கு மாறிக்கொண்டது.

முதல் வெள்ளிக்கிழமை தேக்கிலையில் பரீட்சை நடந்தது. முள்ளம்பன்றியின் முள்தான் பேனா. எபனேசர் தன்னால் முடிந்த அளவு கஷ்டமாகக் கேள்வி கேட்டிருந்தார். சுடலி அறுபத்தெட்டு வாங்கினாள். ஆ பிரிவில் அதிகபட்சம் நான்கு. அதுவும் பேரைச் சரியாக எழுதியதற்கு.

இரண்டாவது வெள்ளிக்கிழமை சுடலி தொண்ணூற்றொன்பது வாங்கினாள். நகம் கெட்டியாக இருப்பதால் எலும்பைப் போல அதுவும் இணைப்புத் திசு என்று எழுதிவிட்டாள். எபனேசர் உயிர் பிழைத்தார். பிழைத்தவர் பேசாமல் இருக்கலாம் அல்லவா? விடைத்தாளைக் கொடுக்கும்போது சுடலியை நிறுத்திவைத்து, நகம் எபிதீலியத்திலிருந்து வளருவது, கெட்டியானதெல்லாம் எலும்பு இல்லை என்று, தன் சுண்டுவிரலைக் காட்டி அரைமணி நேரம் விளக்கினார். தூரத்தில் வீரபாகு தலையில் அடித்துக்கொண்டார்.

மூன்றாவது பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் சுடலி தனியாக வந்தாள். வந்தவள் வெகுநேரம் தரையைப் பிறாண்டிக்கொண்டிருந்தாள்.

"சார்வாள், நாளைக்கு எல்லாத்துக்கும் விடை தெரியும்னு நெனைக்கேன்."

"ரொம்ப சந்தோஷம்."

"என்ன சந்தோஷம்? நான் நூறு வாங்குனா நீங்க..." மறுபடியும் தரையைப் பிறாண்டினாள். "வேணும்னா ஒரு கேள்விய தப்பா எழுதிருதேன். பிள்ளைகளுக்கு எப்படியாவது எதையாவது பொறுக்கிப் போட்டுக்கிடுதேன்."

எபனேசருக்கு அவள்மேல் பாசம் பொங்கியது. கூடவே பயமும் இருந்தது, சாக அவருக்கு இஷ்டமில்லை. ரூபி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"தெரிஞ்ச விடையத் தப்பா எழுதுவியா? இதுக்கா மூணு வாரமா தொண்டை கிழியக் கத்துனேன்? போ, போயி படி! இன்னொரு தடவ இப்படிப் பேசுன, வகுப்புக்கு வெளிய நிறுத்திருவேன்."

சுடலி வாலைச் சுருட்டிக்கொண்டு போனாள். அவள் போனபிறகு எபனேசர் உட்கார்ந்து அழுதார். என்ன வாய் இது என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை கடைசிக் கேள்வி இருபது மார்க்குக்கு. 'நாக்கு எவ்வகைத் திசு? விளக்குக.' இதில் எல்லாரும் விழுந்துவிடுவார்கள் என்று எபனேசர் நம்பினார். பூதத்தான் 'தசை' என்று எழுதினான். எலிகள் 'எபிதீலியம்' என்று எழுதின. சுடலி அந்தக் கேள்வியைப் பார்த்தபடி நெடுநேரம் முள்ளைக் கடித்துக்கொண்டிருந்தாள். தப்பாக எழுதிவிட வேண்டும் என்றுதான் அவளும் வந்திருந்தாள். ஆனால் தெரிந்ததை எழுதாமல் இருக்க அவளாலும் முடியவில்லை. மூன்று வாரத்தில் அந்த வியாதி அவளையும் தொற்றிவிட்டது.

எபனேசர் கோவைப்பழச் சாற்றில் முள்ளைத் தொட்டுக்கொண்டு அவள் தேக்கிலையைத் திருத்த உட்கார்ந்தார். எண்பதுக்கு எண்பது வந்துவிட்டது. கடைசி விடையை எழுத்தெழுத்தாகப் படித்தார்.

'நாக்கு ஒரு திசு அல்ல. மேலே மூடியிருப்பது எபிதீலியம். உள்ளே புரள்வது தசை, அது நாம் சொன்னபடி கேட்கும். தசையைச் சேர்த்துப் பிடித்திருப்பது இணைப்புத் திசு, அதனூடே ஓடும் ரத்தமும் அந்த வகையே. ருசி தெரிவது நரம்பால். நான்கும் சேர்ந்தால்தான் நாக்கு. நாக்கைப் பங்கு போடலாம். ஆனால் பங்கு போட்ட பிறகு அது நாக்கு இல்லை. சார்வாளும் அப்படித்தான்.'

தப்பு ஏதாவது கிடைக்குமா என்று எபனேசர் ஏழு தடவை படித்தார். ஏழாவது தடவை தப்பைத் தேடுவதை மறந்துபோனார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பிள்ளைகூட இப்படி எழுதியதில்லை. புத்தகத்தில் இருந்ததை எழுதியிருக்கிறார்கள், கைடில் இருந்ததை எழுதியிருக்கிறார்கள், பக்கத்துப் பையன் எழுதியதை எழுதியிருக்கிறார்கள். தனக்குப் புரிந்ததை எழுதிய முதல் ஆள் இந்தக் கழுதைப்புலிதான். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

தோளுக்குப் பின்னால் நின்று வீரபாகுவும் படித்தார். "அரை மார்க்கக் கொறையும் வே. கையெழுத்து கோணலா இருக்கு."

"கையெழுத்துக்கு மார்க் கிடையாது."

"அப்ப அந்தக் கடைசி வரி. 'சார்வாளும் அப்படித்தான்'னு. பாடத்துலயே இல்லாதத எழுதியிருக்கு பாரும். ஒரு மார்க்க அடியும். ஒமக்குப் பொண்டாட்டி பிள்ளை இல்லையா?"

"அதுதான் வே பாடமே," என்றார் எபனேசர்.

வீரபாகு அவர் கையைப் பிடித்தார். மனுஷர் நோட்ஸ்தான் சொல்லுவாரே தவிர கெட்டவர் இல்லை. "எபனேசரு, ஒரே ஒரு அரை மார்க்கு. யாருக்கும் தெரியப்போறதில்ல."

எபனேசர் கையை விடுவித்துக்கொண்டார். முள்ளை மறுபடியும் சாற்றில் தொட்டார். நூறு என்று எழுதி வட்டம் போட்டார். கீழே 'மிக நன்று' என்று எழுதினார். இரண்டு கோடும் போட்டார்.

அன்று மதியமே பங்கு நடந்தது. பதிவேட்டின்படி எபனேசர் மூன்று வாரத்துக்கு முன்பே இறந்திருந்தார். ஆகவே அவரை யாரும் கொன்றதாகச் சொல்ல முடியாது. எல்லாம் சட்டப்படி முடிந்தது.

அந்தக் காட்டின் வரலாற்றிலேயே சண்டை இல்லாமல் நடந்த முதல் பங்கு அதுதான். தோலோடு குடலின் உட்பரப்பும் முடியும் நகமும் எலிகளுக்குப் போயின. சிறுத்தை பழைய நினைப்பில் ரத்தத்துக்கு வாயை வைத்தபோது, "அது இணைப்புத் திசு. சார்வாள் சொன்னது காதுல விழலையா?" என்று சுடலி அதட்டினாள். நாக்கு வந்தபோது அவளால் முடியவில்லை. அதை அப்படியே முழுசாக ஒரு மருதமரத்தடியில் புதைத்தாள். தன் பங்கில் அவள் ஒரு வாய்கூடத் தின்னவில்லை. அழுதுகொண்டே பிள்ளைகளுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். பல் முளைக்காத நான்கும் வாழ்க்கையில் முதல்முறையாக வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கின.

மறுநாளே சிறுத்தை மனு கொடுத்தது. சரியான பங்கீட்டால் பெரிய குடும்பங்களுக்கு இழப்பு ஏற்படுகிறது, பாடம் புரிவதால் காட்டின் அமைதி கெடுகிறது என்று அதில் கண்டிருந்தது. விசாரணை நடந்தது. அ பிரிவு மூடப்பட்டது. சுடலியின் சான்றிதழ் சரிபார்ப்புக்காக வாங்கப்பட்டு அலுவலகத்திலேயே இருக்கிறது. அதைக் கேட்டு அவள் வரிசையில் நிற்கிறாள். அவளுக்கு மறுபடியும் எலும்பு மட்டும்தான்.

இப்போது காடு முழுவதற்கும் ஒரே வகுப்பு, ஆ பிரிவு. வீரபாகு சார் வந்து பதினொரு வருஷம் ஆகிறது. ஒருவரும் இதுவரை ஐந்து மார்க்கைத் தாண்டவில்லை. தேனும் பலாப்பழமும் தின்று அவர் உடம்பில் இணைப்புத் திசு தாராளமாகச் சேர்ந்திருக்கிறது. காட்டின் தலைசிறந்த ஆசிரியர் என்ற பட்டத்தை நான்கு முறை வாங்கிவிட்டார். போன மாதம் தலைமையாசிரியராகப் பதவி உயர்வும் கொடுத்தார்கள். பாராட்டு விழாவில் சிறுத்தைதான் மாலை போட்டது. மாலை போடும்போது கழுத்தை மட்டும் கொஞ்சநேரம் முகர்ந்து பார்த்தது. பிறகு, பரீட்சை நினைவு வந்ததோ என்னவோ, பெருமூச்சு விட்டுக்கொண்டு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து தூங்கிவிட்டது.

நீதி: மாணவருக்குப் புரியும்படி பாடம் நடத்தாதே. நடத்தித்தான் தீருவேன் என்றால், திருத்தும்போதாவது அரை மார்க்கைக் குறை.